சரசக்கா வீட்டுத் தண்ணீர்

மகனே, நீ தை மாதம் வந்து கதவைத் திறக்கும்போது நம் கூடத்தின் புதுத் தரையில் ஒரு வெட்டு இருக்கும். சரசக்கா வீட்டுச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, நேராக, ஒரு முழ அகலத்துக்கு. நாளைக் காலை எட்டு மணிக்கு, அந்தத் தரையைப் போட்ட செல்வமே வெட்டும் மெஷினோடு வருகிறார். வரச் சொன்னது நான். இதை நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போன் எடுத்தேன். இரண்டு முறையும் நீ தரையைக் காட்டச் சொன்னாய். காட்டினேன். வைத்துவிட்டேன்.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு மலையாளம்தான் ஓடும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை. இது மெதுவாகப் படிக்க வேண்டியது. படித்துவிட்டு அஞ்சுவுக்கும் வாசித்துக் காட்டு. இந்த வீட்டுக்கு வரப்போகிறவள் அவள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகச் சில இடங்களில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

ஆவணியில் அவள் அப்பா திருப்பூணித்துறையிலிருந்து முதல் முறையாக வந்தாரே, அங்கிருந்து தொடங்க வேண்டும். நீயும் லீவில் வந்திருந்தாய். அவர் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே வந்தார். நம் சிவப்புக் காவித் தரை எப்போதும் கொஞ்சம் கசியும். நமக்கு அது ஈரம் என்றே தோன்றாது. உன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தாமலே, இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். அவமதிக்கிற எண்ணம் துளியும் இல்லை. தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. நீ பார்க்கவில்லை. அம்மா சாயா எடுத்துவரப் போயிருந்தாள். நான் பார்த்தேன். சாக்ஸின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. முப்பத்தொரு வருடம் கார்ப்பரேஷனில் ஓடை அடைப்பு எடுத்தவன் நான். இடுப்பளவு சாக்கடையில் நின்றபோது வராத வெட்கம் அந்த இரண்டு கால்களைப் பார்த்தபோது வந்தது. கல்யாணத்துக்குள் தரையை ஒரு அடி உயர்த்தி டைல் போட்டுவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த ஆசையில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். தப்பு அதற்கு அடுத்த படியில் இருந்தது.

நம் வரிசையில் நாலு வீடு. ஒரே கூரை. கிழக்கு முனையில் தோடு, கடலுக்குப் போகும் கால்வாய். தோட்டை ஒட்டி முதல் வீடு, அடுத்து ரபீக் வீடு, மூன்றாவது நம்முடையது. நாலாவது, முட்டுச்சந்தின் கடைசியில், இருப்பதிலேயே பள்ளத்தில், சரசக்கா வீடு. பின்னால் கோடவுன் சுவர். முன்னால் சந்து. சந்துக்குக் கார்ப்பரேஷன் மூன்று தடவை கான்கிரீட் போட்டது. ஒவ்வொரு தடவையும் சந்து உயர்ந்தது, வீடு அங்கேயே இருந்தது. ஆகவே உள்ளே வந்த தண்ணீர் வாசல் வழியாக வெளியே போக முடியாது. விருச்சிக மாதத்தில், நம் கார்த்திகையில், கடல் ஏறித் தோட்டைத் தள்ளும். வேலியேற்றம். விடியும் நேரத்தில் தரைக்கு அடியிலிருந்தும் கழிவறை வழியாகவும் ஊறி வரும், கணுக்கால் வரை நிற்கும், இரண்டு மணி நேரத்தில் கடல் திரும்பும்போது கூடவே போய்விடும். போவதற்கு ஒரே வழி, ஒவ்வொரு நடுச்சுவரின் அடியிலும் இருக்கிற அரைச் செங்கல் அளவு துளை. ஓவு. சரசக்கா வீட்டு ஓவு வழியாக நம் வீட்டுக்கு, நம்மிடமிருந்து ரபீக்குக்கு, அங்கிருந்து முதல் வீட்டுக்கு, பிறகு தோட்டுக்கு. விருச்சிகம் பிறக்கும் முன்பு எல்லா வீட்டிலும் ஓவில் கம்பு விட்டுக் குத்திச் சுத்தம் செய்வோம். யாரும் அடைக்க மாட்டோம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

தட்டும் சத்தம் உனக்கு நினைவிருக்கும். சரசக்கா வீட்டில் தண்ணீர் வடிந்ததும் நம் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். நம் வீட்டில் வடிந்ததும் நாம் ரபீக்கின் சுவரில். அவன் முதல் வீட்டுக்கு. பள்ளத்தில் இருக்கிறவளுக்குப் போய்விட்டது என்றால் எல்லோருக்கும் போய்விட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கட்டிலை விட்டு இறங்குவாய். ஸ்கூல் சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

உனக்கு ஏழு வயது. மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று வைத்திருந்தாய். அதை ஓவில் திணித்து உதைத்து உதைத்து உள்ளே தள்ளியிருக்கிறாய். மறுநாள் விடியற்காலை சரசக்கா வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை. நான் கம்பியை விட்டுப் பந்தை எடுத்தேன். ரபீக், முதல் வீட்டுக்காரர், எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டைக் கழற்றினேன். எத்தனை அடி என்று தெரியாது. “பந்துதானே அப்பா, பந்துதானே அப்பா” என்று நீ சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. சரசக்காதான் ஈரச் சேலையோடு ஓடிவந்து உன்னைப் பிடுங்கினாள். “கொச்சுப் பிள்ளைடா அது! வெள்ளத்துக்கு நடுவுல நின்னது நானு. எனக்கு வராத கோவம் உனக்கு எதுக்குடா?” உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை நீ வரவில்லை.

அன்று நான் அடித்தது ஓவுக்காக அல்ல. ஓடை திறக்கிறவன் வீட்டில் ஓவு அடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக. இத்தனை வருடம் அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. நீ பந்தால் செய்ததை நான் சிமெண்டால் செய்தேன். ஏழு வயதில் அல்ல.

முதலில் சுள்ளிக்கல்லிலிருந்து பாபு சேட்டனைக் கூப்பிட்டேன். கொத்து வேலையில் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். வந்து டைலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் குனிந்து ஓவுக்குள் கை விட்டுப் பார்த்தார். சரசக்கா பக்கம், ரபீக் பக்கம், இரண்டும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தரையப் பொக்கி உயர்த்தலாம். ஆனா அடியில இந்தச் சுவருலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் பைப் இடணும். நாலு இஞ்சு. சரிவு கிட்டணும்னா ரபீக் வீட்டு ஓவையும் கொஞ்சம் தாழ்த்தணும். அப்புறம் மழை ஒண்ணு விடட்டும். ரெண்டு மாசம் கூடும்.”

“கல்யாணம் தையில சேட்டா. பெண் வீட்டுக்காரங்க அதுக்கு முன்னாடியே வருவாங்க. பைப் இல்லாம செய்ய முடியாதா?”

“செய்யலாமே.”

“பின்னே?”

“நான் செய்ய மாட்டேன். அப்புறத்துல ஒரு சேச்சி இருக்கில்லே?”

ஆலோசித்துச் சொல்கிறேன் என்றேன். கூப்பிடவில்லை. அவர் சுற்றி வளைக்கிறார், வேலையை இழுக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். “அப்பா, அப்போ சீக்கிரம் முடிக்கிற ஆளாப் பாருங்க” என்றாய். நீ தெரியாமல் சொன்னது. அதை நான் எந்த இடத்திலும் காரணமாகக் காட்ட மாட்டேன்.

பிறகு ஆள் தேடினேன். எப்படித் தேடினேன் என்பதைச் சொல்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் யாரையும் கேட்கவில்லை. பள்ளுருத்தி வேண்டாம், தோப்பும்படி வேண்டாம். ஆலுவாவில் தங்கி வேலை எடுக்கும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். செல்வம். சங்கரன்கோவில் பக்கம். வந்து மூன்று வருடம். இதுவரை தரை போட்டதெல்லாம் ஃபிளாட்டில். எட்டாவது மாடி, பத்தாவது மாடி. அதைக் கேட்டதும் மனசுக்குள் ஏதோ இலகுவானது. தமிழ் பேசுகிற ஆள், நமக்கு வசதி என்று அதற்குப் பெயர் வைத்தேன். உண்மையில் நான் தேடியது வேலை தெரிந்த, தண்ணீர் தெரியாத ஓர் ஆளை.

நல்ல வேலைக்காரர். அதையும் எழுத வேண்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபைச் சுவரிலிருந்து சுவருக்குப் பிடித்து மட்டம் குறித்தார். ஒவ்வொரு டைலையும் பதித்ததும் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். அடியில் காற்று இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்த இரண்டு டைலை அவராகவே பெயர்த்து மறுபடி பதித்தார். அப்படிப்பட்டவர் ஓவைப் பார்க்காமல் இருப்பாரா? வந்த முதல் நாளே குந்தி உட்கார்ந்து கேட்டார்.

“அண்ணாச்சி, இந்த ஓட்ட எதுக்கு?”

“பழைய கட்டடம். அப்படித்தான் இருக்கும்.”

“ரெண்டு பக்கமும் இருக்கே. தண்ணி கிண்ணி வருமோ?”

“ரோட்டுல வரும். வீட்டுக்குள்ள வராது. அடைச்சிருங்க.”

“எங்க ஊர்ல தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு அலையுதோம். இங்க ரோட்டுலயே வருதாக்கும்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு கரண்டி சிமெண்டு. அவ்வளவுதான். அப்போது அந்தப் பக்கம் சரசக்காவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாடியது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்து நாளில் முடிந்தது. வெள்ளையில் லேசான சாம்பல் ரேகை ஓடும் டைல். கதவின் அடியை அறுக்க வேண்டி வந்தது. நிலைப்படியில் இப்போது நான் குனிந்துதான் வர வேண்டும். உன்னிடம் வீடியோவில் காட்டியபோது “அப்பா, இது நம்ம வீடுதானா?” என்றாய். அம்மா தினமும் மூன்று முறை துடைத்தாள். வேலைக்குப் போன வீடுகளில் அவள் துடைக்காத டைலா? தன் தரை என்று ஒன்றை அவள் துடைப்பதை நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கார்த்திகையில், பௌர்ணமியை ஒட்டி, வேலியேற்றம் வந்தது. விடியற்காலை ஐந்தரை. விளக்கைப் போட்டேன். நம் தரை காய்ந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் விருச்சிகத்து விடியலில் காய்ந்த தரையை நான் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் ஏதோ பாத்திரம் மிதந்து சுவரில் இடிப்பது கேட்டது. டங். டங். கட்டிலில் உட்கார்ந்து தட்டுக்காகக் காத்திருந்தேன். ஏழரை. எட்டு. எட்டரை. வெளியே ரபீக்கின் குரல்.

“எந்தா, மூணாம் வீடு உறங்கியோ?”

எழுந்து போய் அவன் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். சரசக்கா தட்டாமலே.

நான் செய்ததில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் சிமெண்டைச் சொல்ல மாட்டேன். அந்தத் தட்டைத்தான் சொல்வேன். மத்தியானம் அம்மா சோறு கொண்டுபோனாள். முழங்கால் வரை நனைந்த சேலையோடு திரும்பினாள். “இன்னும் இறங்கலையே” என்றாள். இறங்கும் என்றேன். மறுநாள் விடியலில் பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் ஏறியது. மூன்று விடியல். ஐந்து நாள் அவள் வீட்டில் தண்ணீர் நின்றது. கட்டிலுக்குச் செங்கல் வைத்து, ஸ்டூலில் அடுப்பை வைத்துச் சமைத்திருக்கிறாள். கழிவறைக்குப் போக இறங்கித்தானே ஆக வேண்டும். அவளுக்குச் சர்க்கரை. வலது காலில் ஆறாத ஒரு வெடிப்பு. அது எனக்குத் தெரியும். அவள் மார்க்கெட் தெருவைக் கூட்டுகிறவள், நான் அதே தெருவின் ஓடையில் இறங்குகிறவன். இருபது வருடம் ஒரே மஸ்டர் ரோலில் இருந்தவர்களுக்கு ஒருவர் காலில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாதா? அம்மாவின் ஆபரேஷன் சமயம் இரண்டு மாதம் நீ அவள் கையால்தான் சாப்பிட்டாய். ஆறாம் நாள் காய்ச்சல். நானும் ரபீக்கும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்புமா என்று நாலு நாள் கழித்துச் சொல்வோம் என்றார் டாக்டர். போனில் நீ கேட்டபோது “சரசக்காவுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு” என்றேன். அது பொய் இல்லை என்பதால் இன்னும் மோசம்.

பாதம் தப்பியது. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். செவ்வாய் அமாவாசை, மறுபடி வேலியேற்றம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை அஞ்சுவின் அப்பா கல்யாணப் பத்திரிகை மாதிரியோடு வருகிறார். புதுத் தரையைப் பார்க்கத்தான் வருகிறார் என்றும் சொல்லலாம். போன தடவை நான்தான் போனில் அழைத்தேன், வந்து பாருங்கள் என்று.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். ஓவைப் பற்றி, பாபு சேட்டன் சொன்னதைப் பற்றி, எல்லாம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் சொன்னது தப்பான யோசனை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

“கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அக்காவ நம்ம வீட்டுல வெச்சுக்கலாம். காஞ்ச தரை. கட்டில் போட்டுத் தரேன். நானே பார்த்துக்கறேன். அப்புறம் மெதுவா உடைச்சுக்கலாம்.”

“அக்கா கிட்ட என்ன சொல்றது?”

“எதுக்குச் சொல்லணும்? காலு ஆறட்டும்.”

“அவ நமக்கு நன்றி சொல்லுவாடீ. தினமும்.”

அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இதை எழுதும் வரை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரசக்கா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஓவை அடைச்சது நான்தான் அக்கா என்றேன். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“தெரியும்டா. உன் ஆளு சிமெண்டத் தள்ளினப்போ என் பக்கம் ஒரு பிடி விழுந்துச்சு. நான்தானே வாரினேன்.”

“அப்பவே சத்தம் போட்டிருக்கலாமே அக்கா.”

“கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். நம்ம கொச்சன் கல்யாணம்.” கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். “சாரமில்லை, போகட்டும்னு சொல்லுவேன்னு வந்தியா? சொல்ல மாட்டேன். ஊரு ஓடையெல்லாம் தொறந்த கைடா அது. எனக்குன்னு வந்தப்போ அடைச்சிருக்கு. போ. கஞ்சி ஆறுது.”

வெளியே வந்து செல்வத்தைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

*

வியாழன், சாயங்காலம்.

வெட்டியாகிவிட்டது. செல்வம் நேராகக் கூடத்துக்கு வந்தார். கோட்டைக் குறித்தார், மெஷினை வைத்தார். டைல் அறுபடும் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்கு எழுத முடியாது. அம்மா கோவிலுக்குப் போய்விட்டாள். வெள்ளைத் தூள் எல்லாவற்றின் மேலும் படிந்தது. பாதி வெட்டிய பிறகு மெஷினை நிறுத்திவிட்டு முகத்துத் துணியைக் கழற்றினார்.

“கேட்டேன்ல அண்ணாச்சி? இந்த ஓட்ட எதுக்குன்னு வாயத் தொறந்து கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“தெரியாதவன்னுதான என்னய எடுத்தீங்க?”

“ஆமா.”

“ஆமான்னு சொல்லுதீங்க பாருங்க!” எழுந்து வாசலில் போய் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பீடி குடித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “எம் பேருல்ல கெட்டுச்சு. அந்தம்மா கால நெனைக்கையில எங் கையில்ல கூசுது. பைப்ப எடுங்க.”

மகனே, நீயும் ஒரு நாள் வீட்டு வேலைக்கு ஆள் தேடுவாய். வந்து பார்த்து உடனே சரி என்பவன் இருப்பான். இது எதுக்கு, அது எங்கே போகிறது, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு உன் நேரத்தை வாங்குகிறவனும் இருப்பான். இரண்டாமவன் மேல் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. அவனை அனுப்பிவிடாதே. அதைவிட முக்கியம், நீ முதலாமவனைத் தேடிப் போகிறாய் என்றால் ஏன் போகிறாய் என்று உன்னையே கேள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

இடிபாட்டைத் தோண்டிப் பழைய காவித் தரை வரை போனோம். ரபீக் பக்கத்து ஓவு சுலபமாகத் திறந்தது. அவனே அந்தப் பக்கமிருந்து உளியோடு உட்கார்ந்து தன் ஓவையும் தாழ்த்திக்கொடுத்தான். சரசக்கா பக்கம் சிமெண்டை உடைத்த பிறகும் உளி போகவில்லை. மெத்தென்று ஏதோ. செல்வம் கம்பியால் கொக்கி போட்டு இழுத்தார். கறுத்த தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு துணி வந்தது. காக்கி. விரித்துப் பார்த்தோம். அவள் வேலைக்குப் போட்டுப் போன கோட்டு. அவள் தன் பக்கத்திலிருந்து இறுக்கித் திணித்து வைத்திருக்கிறாள்.

கோவிலிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். “நம்ம தரையில கசியக் கூடாதுன்னு வெச்சிருக்கா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசினாள். சாயா வேணுமா என்று.

*

செவ்வாய்.

ஒரே தடவையில் எழுதி முடிக்க நினைத்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சுவின் அப்பா வந்தார். பைப் போட்டு மண் மூடியிருந்தது, மேலே சிமெண்டு இன்னும் இடவில்லை. குறுக்கே பலகை. அதே டைல் இனிக் கிடைக்காது, வேறு நிறத்தில்தான் போட வேண்டும் என்று செல்வம் சொல்லிவிட்டார். வாசலில் நின்று பார்த்தவர், “என்ன சம்பந்தி, இப்பத்தானே போட்டீங்க?” என்றார். பைப் லீக் என்று சொல்லும்படி அம்மா சொல்லியிருந்தாள். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவருடைய சாக்ஸ் தவிர எல்லாவற்றையும். முடிந்ததும், “அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?” என்றார். நாளைக்கு வர்றாங்க என்றேன். சாயா பாதி குடித்தார். பத்திரிகை மாதிரியை மேசையில் வைத்தார், நான் திருத்தம் சொல்லக் காத்திருக்கவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டே, “மகள்கிட்டப் பேசுறேன்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இதற்குள் உன்னைக் கூப்பிட்டிருப்பார். கல்யாணம் தள்ளிப்போகலாம். அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் அது என்னால். நீ அவர்களிடம் அதை மறைக்காதே. அஞ்சு உன்னிடம் எதையாவது காட்டி இது எதுக்கு என்று கேட்டால், பழசு, அப்படித்தான் என்று சொல்லாதே. அவ்வளவுதான் உனக்கு நான் சொல்லக்கூடியது. அவர் உட்கார்ந்திருந்தபோது காலை எங்கே வைத்திருந்தார் என்று இந்த முறை நான் பார்க்கவில்லை.

நேற்று சரசக்கா வந்தாள். நானும் ரபீக்கும் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனோம். அம்மா முன்பே போய் வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். துவைத்து மடித்த கோட்டைக் கட்டிலில் வைத்து, “அக்கா, எங்க தரைக்காக உங்க கோட்ட...” என்று ஆரம்பித்தாள்.

“உங்க தரைக்கா?” சரசக்கா சிரித்துவிட்டாள். “நல்ல கத! அந்தச் சிமெண்டப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சுடீ. சாப்பிடறப்போ எதிர்ல, படுக்கறப்போ எதிர்ல. கண்ணுல படக் கூடாதுன்னு திணிச்சு வெச்சேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யோசித்துப் பார்த்தால் இதுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அவள் தியாகம் செய்திருந்தால் அதன் அடியில் நான் நசுங்கியிருப்பேன். அவளுக்குக் கோபம். கோபத்தோடு பக்கத்து வீட்டில் இருக்க எனக்குத் தெரியும். எங்கே எழுந்து போய்விடுவாளோ என்றுதான் பயம்.

இன்று விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தோடு ஏறியது. தரைக்கு அடியில் அது வருவது தெரிந்தது. நான் வெட்டை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து சிமெண்டு மேல் கையை வைத்திருந்தேன். செல்வம் நேற்றுத்தான் பூசியது, இன்னும் குளிர்ச்சி. குழாய்க்குள் முதலில் ஒரு விக்கல் போல. பிறகு ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு மறுபடி ஒரு விக்கல், அதன்பின் விடாமல் ஓடும் சத்தம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம், எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். அடைப்பு இல்லை. ஏழே முக்கால் அளவில் சத்தம் மெலிந்தது. நின்றது. போய்விட்டது.

தட்டு வரவில்லை.

அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அக்கா தூங்கியிருப்பாள் என்றாள். மாத்திரை போட்டிருப்பாள் என்றாள். ரபீக் வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. எட்டு. தண்ணீர் வடிந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் தட்டவில்லை என்றால் அது அவள் இஷ்டம். இனி ஒருபோதும் தட்டவில்லை என்றாலும். வெளியே ரபீக் கனைத்தான். அவன் காத்திருக்கிறான், கேட்க மாட்டான், இந்த முறை அவனுக்கும் தெரியும். எனக்குக் கை பரபரத்தது. எழுந்திருக்கவில்லை.

எட்டேகாலுக்குச் சுவரின் அடியில், வழக்கமான இடத்துக்கு வெகு கீழே, ஒரு சத்தம். கட்டிலிலிருந்து கைத்தடியை நீட்டித் தட்டியிருக்கிறாள். ஒன்று. வெகுநேரம் கழித்து, அவ்வளவுதான் என்று நான் நினைத்த பிறகு, இன்னொன்று.

எழுந்து போய் ரபீக்கின் சுவரில் தட்டினேன்.